கார்ப்பரேட் நன்கொடை: சட்டம் எங்கே முடிகிறது, ஊழல் எங்கே தொடங்குகிறது?

கட்சிகளுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்ற பட்டியலைத் தேர்தல் ஆணையம் வெளியிடும் ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "இது பகல் கொள்ளை" என்கிறது ஒன்று. "வங்கி வழியாக வாங்கிக் கணக்கில் காட்டிய பணம், இதில் என்ன தப்பு?" என்கிறது மற்றொன்று. டெல்லியில் முதல் வசனத்தைப் பேசும் கட்சி தன் சொந்த மாநிலத்தில் இரண்டாவது வசனத்தைப் பேசும். செய்தியைப் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

நன்கொடை என்பதாலேயே அது ஊழல் ஆகிவிடாது. சட்டப்படி கொடுக்கப்பட்டது என்பதாலேயே யோக்கியமும் ஆகிவிடாது. ஏனென்றால் அரசியல் நிதி விஷயத்தில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு: பணத்தை வாங்குகிறவர்களேதான் அதை எப்படி வாங்கலாம் என்ற சட்டத்தையும் எழுதுகிறார்கள். 2017 முதல் 2024 வரை நடந்த தேர்தல் பத்திர (வங்கியில் வாங்கி, ஊருக்குப் பெயர் தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் பத்திரம்) விவகாரம் இதற்குத் தெளிவான பாடம். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## இந்தியாவில் ஒரு நிறுவனம் கட்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 182ஆவது பிரிவு அதை அனுமதிக்கிறது. நிபந்தனைகள் இவை:

1. நிறுவனம் தொடங்கி மூன்று நிதியாண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.
2. அரசு நிறுவனமாக இருக்கக் கூடாது.
3. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது.
4. இயக்குநர் குழு தீர்மானம் போட வேண்டும். பங்குதாரர்களைக் கேட்க வேண்டியதில்லை.
5. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதை லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும்.

மூன்றாவதும் ஐந்தாவதும் 2017இல் மாற்றப்பட்டு, 2024இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் திரும்பி வந்தவை. அதைப் பிறகு பார்ப்போம்.

கட்சிகள் தரப்பில், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் விவரத்தை ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். அதற்குக் குறைவான தொகைக்குப் பெயர் தேவையில்லை.

இந்தச் சட்டம் பேசுவது கட்சிக்குக் கொடுப்பதைப் பற்றி. ஓர் அமைச்சருக்கோ எம்எல்ஏவுக்கோ ஒரு நிறுவனம் தனிப்பட்ட முறையில் பணம் கொடுத்தால் விஷயம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பக்கம் போய்விடும். ஆகவே விவரம் தெரிந்த எந்த நிறுவனமும் "தலைவருக்கு"க் கொடுப்பதில்லை, "கட்சிக்கு"க் கொடுக்கிறது. கட்சியோ பெரும்பாலும் அந்தத் தலைவரின் குடும்பத்துக்கு வெளியே தனியாக இயங்குவதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்த சங்கதி.

வரிச் சலுகையையும் கவனிக்க வேண்டும். வருமான வரிச் சட்டம் நிறுவனங்களின் அரசியல் நன்கொடைக்கு முழு வரிவிலக்கு தருகிறது. 30 சதவீத வரி கட்டும் ஒரு நிறுவனம் 100 கோடி கொடுத்தால் சுமார் 30 கோடி வரி மிச்சம். அதாவது அந்த 30 கோடியைக் கொடுத்தது அரசு கஜானா, நீங்களும் நானும். (விலக்குகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.)

## இது புதிய சண்டை இல்லை

1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நிதி கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த விரும்பியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதி கொடுத்தார், ஆனால் மனமில்லாமல். சட்டம் தடுக்கவில்லை என்பதால் நானும் தடுக்க முடியாது, ஆனால் இந்த ஆபத்து வேகமாக வளர்ந்து ஒரு நாள் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரிக்கலாம், நாடாளுமன்றம் இதை யோசிக்க வேண்டும் என்ற பொருளில் எச்சரித்தார்.

நாடாளுமன்றம் யோசித்தது, தன் வசதிக்கேற்ப. 1960இல் உச்சவரம்பு வந்தது. 1969இல் இந்திரா காந்தி அரசு நிறுவன நன்கொடையையே தடை செய்தது. தேர்தல் செலவைக் குறைக்காமல் செலவுக்கான நேர்வழியை மட்டும் அடைத்தால் என்ன ஆகும்? பணம் சூட்கேசில் வந்தது. லைசென்சுக்கும் பெர்மிட்டுக்கும் டெல்லியில் வரிசையில் நின்ற காலம் அது. கொடுக்கிறவருக்கும் தேவை இருந்தது, வாங்குகிறவருக்கும் தேவை இருந்தது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி, லாபத்தில் 5 சதவீதம் என்ற வரம்புடன் மீண்டும் அனுமதித்தது. 2013 சட்டத்தில் அது 7.5 ஆனது.

"கார்ப்பரேட் நன்கொடையைத் தடை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்கள் இந்தப் பதினாறு ஆண்டுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மக்களவைத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்கிறது விதி. அவருடைய கட்சிக்கு? வரம்பே இல்லை. ஹெலிகாப்டர், விளம்பரம், மாநாடு எல்லாம் கட்சிக் கணக்கில் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்காதவரை பணத்தின் தேவை குறையாது. தேவை குறையாத இடத்தில் தடை என்பது வழியை மாற்றும், அவ்வளவுதான்.

## 2017இல் என்ன மாற்றினார்கள்?

அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2017 பட்ஜெட்டில் தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். திட்டம் 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கையானது. சொல்லப்பட்ட நோக்கம், கறுப்புப் பணத்தை ஒழித்துக் கட்சி நிதியை வங்கி வழிக்குக் கொண்டுவருவது. செய்த திருத்தங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் அதன் உள்ளடக்கம் புரியும்:

1. பத்திரம் வழியாக வாங்கிய பணத்தைத் தேர்தல் ஆணையத்திடம் கட்சி சொல்ல வேண்டியதில்லை.
2. அப்படி வாங்கியதற்கு, கொடுத்தவர் பெயரைக் கணக்கேட்டில் வைத்திருக்கவும் வேண்டியதில்லை.
3. 7.5 சதவீத வரம்பு நீக்கம். நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.
4. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்பதை நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் நிதி மசோதாவுக்குள் வைக்கப்பட்டன. நிதி மசோதா என்றால் மாநிலங்களவை கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. அப்போது பாஜகவுக்கு அங்கே பெரும்பான்மை இல்லை. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்தது. தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில், வெளிப்படைத்தன்மையைப் பொறுத்தவரை இது பின்னோக்கிய நடவடிக்கை என்று சொன்னது. இரண்டுமே கண்டுகொள்ளப்படவில்லை.

## பத்திரம் கைமாறிய விதம்

ஒரு நிறுவனம் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக்குப் போகும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்து பத்து நாட்கள் விற்பனை, தேர்தல் காலத்தில் கூடுதல் நாட்கள். பான் எண், கேஒய்சி ஆவணங்கள் கொடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டினால் பத்திரம் கையில் வரும். 1,000, 10,000, ஒரு லட்சம், 10 லட்சம், ஒரு கோடி என ஐந்து மதிப்புகள். சாமானியரும் வாங்கலாம் என்பதற்காக 1,000 ரூபாய் பத்திரம் வைத்திருந்தார்கள். ஆனால் மொத்த மதிப்பில் 94 சதவீதம் ஒரு கோடி ரூபாய் பத்திரங்கள் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் குறித்தது. வாங்கியது யார் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

பத்திரத்தின் மேல் வாங்கியவர் பெயரும் இருக்காது, கட்சியின் பெயரும் இருக்காது. அதைக் கட்சியிடம் கொடுத்தால் 15 நாளுக்குள் தன் ஸ்டேட் வங்கிக் கணக்கில் போட்டு மாற்றிக்கொள்ளும். தவறினால் பணம் பிரதமரின் நிவாரண நிதிக்குப் போய்விடும்.

வெற்றுக் கண்ணுக்கு அந்தக் காகிதம் அநாமதேயம். 2018இல் ஒரு பத்திரிகையாளர் தானே பத்திரம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் காட்டியபோது ஒவ்வொரு பத்திரத்திலும் தனித்தனி எண் மறைவாக அச்சிடப்பட்டிருந்தது தெரிந்தது. போலியைத் தடுக்கும் பாதுகாப்பு அம்சம் என்றது அரசு.

"யார் கொடுத்தார் என்று எங்களுக்கே தெரியாது" என்று சொன்ன கட்சிகளும் உண்டு. தேர்தல் ஆணையத்துக்கு ஐக்கிய ஜனதா தளம் கொடுத்த விளக்கம் வரலாற்றில் இடம்பெற வேண்டியது: 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து மூடிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், பிரித்துப் பார்த்தால் ஒரு கோடி ரூபாய் பத்திரங்கள் பத்து இருந்தன. சமாஜ்வாதி கட்சிக்கோ பத்துக் கோடி தபாலில் வந்ததாம். பத்துக் கோடியைப் பெயர் சொல்லாமல் தபாலில் போடும் தொழிலதிபரை நம்பத் தனி மனது வேண்டும்.

ரகசியம் யாரிடமிருந்து என்று கேட்டால் முடிச்சு அவிழும். கொடுக்கிறவர் பத்திரத்தைத் தானே கட்சிக்காரர் கையில் வைக்கிறார், ஆகவே கட்சிக்குத் தெரியும். ஸ்டேட் வங்கிக்கு இரண்டு பக்கமும் தெரியும். வழக்குப் பதிந்த விசாரணை அமைப்பு கேட்டால் வங்கி விவரம் தர வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அமலாக்கத் துறை, சிபிஐ போன்ற அமைப்புகள் இயங்குவது மத்திய அரசின் கீழ். கடைசியில் தெரியாமல் போனது வாக்காளருக்கும் பங்குதாரருக்கும்தான்.

அரசு தரப்பில் ஒரு நேர்மையான வாதமும் இருந்தது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்தது தெரிந்தால் ஆளுங்கட்சி பழிவாங்கும், அதனால் நன்கொடையாளருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். கவலை உண்மையானது. ஆனால் பழிவாங்கும் சக்தி உள்ள ஒரே தரப்புக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அந்தச் சக்தியே இல்லாத பொதுமக்களுக்கு மூடியது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

## தீர்ப்பும் பட்டியலும்

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிவது வாக்காளரின் உரிமை, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவின் கீழ் வருவது என்றது. வரம்பற்ற நிறுவன நன்கொடை 14ஆவது பிரிவுக்கு எதிரானது என்றும் சொன்னது. தனிமனிதர் ஒரு கட்சிக்குக் கொடுப்பதில் கொள்கைப் பிடிப்பு இருக்கலாம், நிறுவனம் கொடுப்பது பலனை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரம் என்று தீர்ப்பு வெளிப்படையாகவே பேசுகிறது.

2019 ஏப்ரல் 12க்குப் பிறகான விவரங்களைத் தரச் சொன்னபோது, ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. வாங்கியவர் விவரம் ஓரிடத்திலும் மாற்றிய கட்சியின் விவரம் வேறிடத்திலும் இருக்கிறது, பொருத்திப் பார்க்க நேரமாகும் என்றது. நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் வந்தது. மார்ச் 14 அன்று வெளியான பட்டியலில், யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் பத்திர எண்கள் இல்லை. மீண்டும் நீதிமன்றம் கண்டித்த பிறகு மார்ச் 21 அன்று எண்களும் வெளியாயின. நாட்டின் மிகப் பெரிய வங்கி நான்கு மாதம் கேட்ட வேலையைச் செய்தியாளர்கள் கணினியில் சில மணி நேரத்தில் முடித்தார்கள்.

அந்தக் காலகட்டத்தில் பாஜக மாற்றியது சுமார் 6,060 கோடி. திரிணமூல் காங்கிரஸ் 1,609 கோடி, காங்கிரஸ் 1,421 கோடி, தெலங்கானாவின் பிஆர்எஸ் 1,214 கோடி. திமுக 639 கோடி. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் வாங்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி வழக்கின் மனுதாரர்களில் ஒன்று.

நட்டத்தில் ஓடிய 33 நிறுவனங்கள் 550 கோடிக்கு மேல் கொடுத்திருந்ததாகப் பத்திரிகை ஆய்வு ஒன்று காட்டியது. நட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்க ஏது பணம்? கடன் வாங்கியதாக இருக்கலாம், வேறொருவருடைய பணமாகவும் இருக்கலாம். 7.5 சதவீத வரம்பை எடுத்ததன் நேரடி விளைவு இது. லாபம் இல்லாவிட்டால் நன்கொடை இல்லை என்ற பழைய விதி, பெயரளவு நிறுவனங்களை வடிகட்டும் வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

## மூன்று நிறுவனங்கள், மூன்று விதமான கேள்விகள்

ஊழல் என்று சொல்ல, கொடுத்த பணத்துக்கும் கிடைத்த பலனுக்கும் தொடர்பு வேண்டும். தேதிகளை அருகருகே வைத்தால் தொடர்பு இருப்பதுபோலவே தோன்றும். தோற்றம் எவ்வளவு தூரம் தாங்கும்?

அரபிந்தோ பார்மா. டெல்லி மதுக்கொள்கை வழக்கில் இந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரை அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. நவம்பர் 15 அன்று நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. பாஜக அதை அந்த மாதமே மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அவருக்கு ஜாமீன், ஜூனில் அப்ரூவர். நவம்பரில் மேலும் 25 கோடி பாஜகவுக்கு. நிறுவனத்தின் மொத்த நன்கொடையில் பிஆர்எஸ், தெலுங்கு தேசம் கட்சிகளுக்குப் போனதும் உண்டு, கைதுக்கு முன்பே கொடுத்ததும் உண்டு. ஆனால் கைதான ஐந்தாம் நாள் வாங்கிய பத்திரத்துக்கு "வழக்கமான நன்கொடை" என்ற விளக்கம் போதாது. மூன்றில் விசாரணைக்கு மிகத் தகுதியானது இதுதான் என்பது என் கணிப்பு.

மேகா இன்ஜினியரிங். ஹைதராபாத் நிறுவனம், 966 கோடி கொடுத்து இரண்டாம் இடம். 2023 ஏப்ரல் 11 அன்று 140 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. மே மாதம் மகாராஷ்டிரத்தில் தானே–போரிவலி இரட்டைச் சுரங்கப்பாதைப் பணி, சுமார் 14,400 கோடி மதிப்பில், கிடைத்தது. ஆனால் இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் ஒப்பந்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும், எந்தத் தேதியை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு டெண்டர் இருக்கும். அதன் நன்கொடையில் பெரும் பங்கு பாஜகவுக்கு. ஆனால் காலேஸ்வரம் நீரேற்றுத் திட்டப் பணிகளை அதற்குக் கொடுத்த தெலங்கானாவில் அப்போது ஆண்ட பிஆர்எஸ்சுக்கும் ஏறத்தாழ 195 கோடி போயிருக்கிறது. எந்த ஊரில் யார் ஆட்சியோ அவருக்கு என்ற ஒழுங்கு தெரிகிறது. இதைக் குறிப்பிட்ட ஒரு டெண்டருக்கான லஞ்சம் என்று நிறுவுவது கடினம். அரசு வேலையை நம்பி வாழும் தொழிலில் இது ஒரு நிரந்தரச் செலவாகிவிட்டது என்பதுதான் பட்டியல் சொல்லும் செய்தி. தனி ஒரு ஒப்பந்த ஊழலைவிட இது ஆழமான நோய் என்றே நினைக்கிறேன்.

ஃபியூச்சர் கேமிங். கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம். 1,368 கோடி, நாட்டிலேயே முதலிடம். அந்த ஆண்டுகளில் அது காட்டிய நிகர லாபத்தைவிடப் பல மடங்கு. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் அமலாக்கத் துறை சுமார் 409 கோடி சொத்தை முடக்கியது, அதே வாரம் 100 கோடிக்குப் பத்திரம் வாங்கப்பட்டது. "ரெய்டு, உடனே நன்கொடை" என்ற கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதுபோல் இருக்கும். ஆனால் மொத்தத்தில் பாஜகவுக்குப் போனது 100 கோடி. திரிணமூலுக்கு 542 கோடி, திமுகவுக்கு 509 கோடி. 2024 நவம்பரிலும் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. ஆகவே அந்த எளிய கதை இங்கே நிற்காது.

மேற்கு வங்கத்தில் லாட்டரி விற்பனை உண்டு, அங்கே அப்போது ஆண்ட திரிணமூலுக்குக் கொடுத்ததன் தர்க்கம் புரிகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பிறகு எதற்காக 509 கோடி? கண்ணுக்குத் தெரியும் கைமாறு எதுவும் இல்லை. திமுக தானே முன்வந்து நன்கொடையாளர் பெயர்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த சில கட்சிகளில் ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலின்படி, கட்சி வாங்கிய மொத்தம் 656.5 கோடியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. ஒரு மாநிலத்தை ஆண்ட கட்சி ஒரே பணப்பையை இவ்வளவு சார்ந்திருந்தது, பதிலுக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும், கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

## நீதிமன்றத்தில் இது ஏன் நிற்பதில்லை?

ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர் தனக்காகவோ பிறருக்காகவோ முறையற்ற ஆதாயம் பெறுவது குற்றம். கட்சிக்காகப் பெற்றாலும் அதில் அடங்கலாம். சிக்கல் நிரூபிப்பதில்தான். குறிப்பிட்ட அமைச்சர், குறிப்பிட்ட முடிவு, குறிப்பிட்ட பணம் மூன்றையும் ஒரே சங்கிலியில் கோர்க்க வேண்டும். பணம் போனது கட்சிக் கணக்குக்கு. முடிவெடுத்தது ஒரு துறை. கையெழுத்துப் போட்டது ஓர் அதிகாரி. நடுவே பேசியதற்குக் காகிதம் இருக்காது. போதாக்குறைக்கு, 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, பொது ஊழியரின் அலுவல் முடிவுகளை விசாரிக்க அரசின் முன்அனுமதி வேண்டும் என்கிறது.

பத்திர விவகாரத்தை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்ற மனுவை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரம் வாங்கிய எல்லாமே கைமாறு என்ற அனுமானத்தில் பொத்தாம்பொதுவாக விசாரணை நடத்த முடியாது, குறிப்பிட்ட புகார் இருந்தால் வழக்கமான சட்ட வழிகள் இருக்கின்றன என்றது. சட்டப்படி அந்த நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த வழிகளின் வாசலில் நிற்பது பணம் வாங்கிய கட்சிகளின் அரசுகள்தான்.

## தூத்துக்குடி ஆலையின் தாய் நிறுவனமும் ஒரு பின்தேதிச் சட்டமும்

"சட்டப்படிதான் வாங்கினோம்" என்ற பதிலின் எடையை அறிய ஒரு சம்பவம் போதும். தேர்தல் பத்திரத்துக்கும் முந்தையது. இதில் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் சம பங்கு.

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடமிருந்து இரண்டு கட்சிகளும் நிதி வாங்கியிருந்தன. அவற்றில் ஒன்று தூத்துக்குடி ஆலையை நடத்திய ஸ்டெர்லைட் இண்டஸ்ட்ரீஸ். வெளிநாட்டுப் பணத்தைக் கட்சிகள் வாங்குவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி குற்றம். இரு கட்சிகளும் சட்டத்தை மீறியுள்ளன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடவடிக்கை வந்தது, கட்சிகள்மீது இல்லை, சட்டத்தின்மீது. 2016 நிதிச் சட்டத்தில் "வெளிநாட்டு மூலம்" என்பதன் வரையறை 2010 முதல் பொருந்தும்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் நன்கொடைகள் அதில் அடங்கவில்லை என்று தெரிந்ததும், 2018 நிதிச் சட்டத்தில் தேதி 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னுக்குத் தள்ளப்பட்டது. நாற்பத்திரண்டு ஆண்டு பின்தேதி! அந்த ஆண்டு மக்களவையில் நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரசுக்கும் அந்தத் திருத்தத்தால் நன்மைதான்.

அதே ஆண்டு மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை, போடவும் கூடாது. ஆனால் அந்த ஊர் மக்கள் தங்கள் ஆலையின் தாய் நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை அன்று அறிய முடியாத நிலையில் இருந்தார்கள். வேதாந்தா ஏறக்குறைய 400 கோடிக்குப் பத்திரம் வாங்கியது 2024 மார்ச்சில்தான் வெளியே வந்தது.

## "எல்லோரும்தானே வாங்கினார்கள்?"

பாஜகவுக்கு எம்பிக்கள் அதிகம், அதனால் பங்கும் அதிகம் என்ற வாதம் 2024 தேர்தல் சமயத்தில் வலுவாக வைக்கப்பட்டது. அது நன்கொடையாளர்கள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதற்கு வாக்குமூலம் மாதிரி இருக்கிறது. ஆட்சி இருக்கும் இடத்துக்குப் பணம் போகிறது. அந்த ஆண்டுகளில் மத்தியில் பாஜக, கொல்கத்தாவில் திரிணமூல், ஹைதராபாத்தில் பிஆர்எஸ், சென்னையில் திமுக. ஆட்சிக்கு வெளியே இருந்த அதே கட்சிகளுக்கு அந்த அளவு அக்கறை காட்டப்படவில்லை.

வெளிநாடுகளின் வழி ஒரே மாதிரி இல்லை. கனடாவும் பிரான்சும் நிறுவன நன்கொடையைத் தடை செய்துள்ளன. பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும். ஜப்பானில் 1988இல் வெடித்த ரெக்ரூட் ஊழலுக்குப் பிறகு, தனிப்பட்ட அரசியல்வாதிகளுக்கு நிறுவனங்கள் கொடுப்பது படிப்படியாக நிறுத்தப்பட்டது, கட்சிகளுக்குக் கொடுப்பது தொடர்கிறது. இந்தியாவுக்கு உடனே பொருந்தக்கூடியது பிரிட்டனின் விதி. முதலீட்டாளர் பணத்தை எடுத்து நான்கைந்து இயக்குநர்கள் தங்களுக்குப் பிடித்த கட்சிக்குக் கொடுக்கலாம் என்ற இன்றைய ஏற்பாட்டுக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. இதற்காகப் பெரிய அரசியல் புரட்சி தேவையில்லை, 182ஆவது பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

## பத்திரம் போய், இப்போது எந்த வழி?

தீர்ப்புக்குப் பிறகு 2013இல் தொடங்கிய இன்னொரு ஏற்பாட்டின் பக்கம் பெரும் பணம் திரும்பியுள்ளது. அதன் பெயர் தேர்தல் அறக்கட்டளை. நிறுவனங்கள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அறக்கட்டளை அந்த ஆண்டுக்குள் குறைந்தது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரும் வாங்கிய கட்சியின் பெயரும் வெளியாகும். பத்திரத்தோடு ஒப்பிட்டால் நிச்சயம் முன்னேற்றம்.

ஓட்டைகள் இரண்டு. முதலாவது, பல நிறுவனங்கள் சேர்ந்து கொடுக்கும் அறக்கட்டளையில் பணம் கலந்துவிடும். இவற்றில் மிகப் பெரியதான புரூடென்ட் அறக்கட்டளை 2023–24இல் பாஜகவுக்கு 720 கோடிக்கு மேலும், காங்கிரசுக்கு சுமார் 156 கோடியும் கொடுத்தது. அதற்குக் கொடுத்த நிறுவனங்களின் பட்டியலும் இருக்கிறது. ஆனால் எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது? இரண்டு பட்டியலுக்கும் நடுவே கோடு போட முடியாது. மார்ச் 14 அன்று எண்களில்லாமல் வந்த பட்டியலின் அதே குறை, இங்கே நிரந்தரமாக.

இரண்டாவது, கால தாமதம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது கொடுத்த பணம் 2024–25 நிதியாண்டுக் கணக்கில் சேரும். அந்த விவரங்கள் பொதுவெளிக்கு வந்தது 2025 இறுதியை ஒட்டித்தான். அந்த ஆண்டில் அறக்கட்டளைகள் வழியாகப் போன சுமார் 3,800 கோடியில் ஐந்தில் நான்கு பங்கு பாஜகவுக்குப் போனது என்று தெரிந்தபோது, வாக்குப் பதிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த உரிமை வாக்களிக்கும் முன் தெரிந்துகொள்ளும் உரிமை. ஒரு லட்சத்துக்கு மேல் வரும் நன்கொடையை ஒரு வாரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று விதி செய்யத் தடையாக நிற்கும் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. பணம் வங்கி வழியாகத்தானே வருகிறது.